கைவிடப்பட்டதால் பிழைத்த சதுக்கம்

குவாத்தமாலா நாட்டின் ஆன்டிகுவா நகரத்துச் சதுக்கத்தின் நடுவில் நின்று தெற்கே நோக்குபவர், ஈரடுக்கு வளைவுத் தாழ்வாரங்கள் கொண்ட நெடிய அரண்மனைக்குப் பின்னால் 3,760 மீட்டர் உயரமுள்ள ஆகுவா எரிமலை வானளாவி நிற்பதைக் காணலாம். இந்த நகரம் பிறந்ததற்கே அம்மலைதான் காரணம். 1541ஆம் ஆண்டு செப்டம்பரில் பெருமழையைத் தொடர்ந்து அதன் சரிவிலிருந்து இறங்கிய சேற்றுவெள்ளம் அடிவாரத்தில் இருந்த ஸ்பானியத் தலைநகரை மூடிவிட, குடியேறிகள் அருகிலுள்ள பான்சோய் பள்ளத்தாக்குக்குப் பெயர்ந்து 1543இல் புதிய தலைநகரை அமைத்தனர்.

ஸ்பானியர் அமெரிக்காவில் எழுப்பிய நகரங்களில் முதலில் சதுக்கத்துக்கு இடம் குறித்து, அதிலிருந்தே தெருக்களைச் செங்கோணத்தில் பிரிப்பது வழக்கம். ஆட்சி எவரிடம் உள்ளது என்பதை அதன் நான்கு பக்கங்களே அறிவித்தன. ஆன்டிகுவாவில் தெற்கே இருப்பது கேப்டன் ஜெனரலின் அரண்மனை. மன்னரின் பெயரால் படையையும் நிர்வாகத்தையும் நடத்திய அந்த அதிகாரியின் ஆணை, இன்று மெக்சிகோவுக்குள் இருக்கும் சியாபாஸ் முதல் கோஸ்டாரிகா வரை செல்லுபடியானது. வடக்கே நகர மன்றம், கிழக்கே பேராலயம், மேற்கே வணிகர்களின் தூண் தாழ்வாரம். நடுவிலிருந்த திறந்த வெளியில் சந்தையும் காளைச் சண்டையும் பொதுத் தண்டனைகளும் நடந்தன. மரங்களும் இருக்கைகளும் நிறைந்த இன்றைய பூங்கா மிகப் பிற்காலத்தது என்பதால், அதன் நிழலில் அமர்ந்திருப்பவர் பழைய சதுக்கத்தைக் கற்பனையில் வெறுமையாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்பூங்காவின் மையத்தில் உள்ள நீரூற்று, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டடக் கலைஞர் தியேகோ தெ போரஸ் அமைத்தது. கடற்கன்னியர் தம் மார்பகங்களைக் கைகளால் ஏந்தியிருக்க, அவற்றிலிருந்து நீர் பீறிட்டுத் தொட்டியில் விழுகிறது. மூலச் சிலைகள் சிதைந்துபோனதால், இப்போது காணப்படுபவை 20ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பில் உருவானவை.

1773 ஜூலை 29 அன்று நிகழ்ந்த நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியைச் சாய்த்தது. அதன்பின் எழுந்த வழக்கு கட்டடங்களைப் பற்றியது மட்டுமன்று. தலைநகரை இடம்மாற்ற வேண்டும் என்றார் கேப்டன் ஜெனரல் மார்ட்டின் தெ மயோர்கா. இங்கேயே மீண்டும் கட்ட வேண்டும் என்று பேராயர் பேத்ரோ கொர்தேஸ் இ லாராஸ் உறுதியாக நின்றார். அரசு பேராயரின் சொல்லை ஏற்கவில்லை. 1776இல் இன்றைய குவாத்தமாலா நகரம் தலைநகரானது. வெளியேறும்படி மக்களுக்கு ஆணை பிறந்தது. பழைய கட்டடங்களிலிருந்து கல்லும் மரமும்கூடப் புதிய நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆயினும் ஏழைகளும் கைவினைஞர்களும் பலர் போகவில்லை. செல்வமும் அதிகாரமும் அகன்றுவிட்டதால் பழையதை இடித்துப் புதியதைக் கட்டும் வேகமும் இங்கு இல்லாமற்போயிற்று. சதுக்கத்தின் உருவம் காக்கப்பட்டதற்குப் பாதுகாப்புச் சட்டங்களைவிட இந்தப் புறக்கணிப்பே முதற்காரணம் என்று கருத இடமுண்டு.

இதைக் கண்ணாரக் காண வேண்டுமானால் பேராலயத்துக்குச் செல்ல வேண்டும். வெண்ணிற முகப்புக்குப் பின்னால் வழிபாட்டுக்குரியதாக இருப்பது சிறு பகுதியே. அதற்கும் பின்னே, கூரை இழந்த தூண்களும், மேலே வட்டமாக வானம் தெரியும் குவிமாட எச்சங்களும் நிற்கின்றன. செங்கற்களின் நடுவே சுண்ணக்காரை இன்றும் தெரிய, நிலநடுக்கத்துக்கு அஞ்சி எவ்வளவு பருமனாகச் சுவர் எழுப்பினர் என்பதை அங்கே நேரில் அளந்தறியலாம்.

1969இல் நகரைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது; 1979இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சுற்றுலாவால் சதுக்கத்துக்குச் செல்வம் திரும்பியிருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களின் மாயா பழங்குடிப் பெண்கள் கைத்தறித் துணிகளைத் தோளில் சுமந்து இங்கே விற்கின்றனர். புனித வாரத்தில் இப்பகுதித் தெருக்களில் சாயமேற்றிய மரத்தூளை அச்சுத்தகடுகளின் வழியே தூவி, நீர் தெளித்துப் படியவைத்து, கம்பளம்போல் கோலங்கள் இடப்படுகின்றன. மணிக்கணக்கில் உழைத்து இட்ட அவற்றின்மீதே, திருவுருவங்களைச் சுமந்துவரும் பவனி நடந்து செல்கிறது. அரண்மனையும் பேராலயமும் ஆள்வோரின் கணக்கில் அமைந்தவை. இந்தக் கோலங்களோ நகரை விட்டுப் போகாதவர்களின் வழிவந்தோர் தம் கைகளால் இடுபவை என்பதால், கூட்டத்தைப் பொருட்படுத்தாமல் அந்த வாரத்தில் வருவதே சிறந்தது.