ஒரு பல் போதும்

சென்ற வாரம் செயினைச் சுத்தம் செய்து எண்ணெய் விடுவதைப் பார்த்தோம். இந்த வாரம், அந்தச் செயின் சுற்றி ஓடும் இரண்டு ஸ்பிராக்கெட்டுகள்.

100 சிசி, 125 சிசி வண்டிகளில் நாற்கரச் சாலையில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. அறுபதைத் தாண்டினாலே என்ஜின் கத்துகிறது. ஹேண்டில்பார் அதிர்கிறது. டாப் கியரில் போய்க்கொண்டிருக்கும்போதே, இல்லாத அடுத்த கியரைக் கால் தேடுகிறது. மெக்கானிக் கடைகளில் இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது: முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் போடுவது. நல்ல வைத்தியம்தான். ஆனால் எல்லா வண்டிக்கும், எல்லா ஆளுக்கும் ஆகாது.

கணக்கு எளிது. முன்னே 14 பல், பின்னே 42 பல் என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் ஒரு சுற்று சுற்ற முன் ஸ்பிராக்கெட் மூன்று சுற்று சுற்றவேண்டும். முன்னே 15 ஆக்கினால் 2.8 சுற்று போதும். 6,000 ஆர்பிஎம்மில் ஓடிய என்ஜின் அதே வேகத்தில் 5,600இல் ஓடும். பின் ஸ்பிராக்கெட்டை மாற்றி இதே பலனைப் பெற 42ஐ 39 ஆக்கவேண்டும். முன்னே ஒரு பல் என்பது பின்னே மூன்று பல்லுக்குச் சமம். அதனால்தான் முன்னே இரண்டு பல் கூட்டச் சொல்பவர்களை நான் ஆதரிப்பதில்லை.

ஸ்பிராக்கெட் சக்தியை உண்டாக்காது. இருக்கிற சக்தி எந்த வேகத்தில் சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் அது மாற்றுகிறது. ஸ்ப்ளெண்டர் பிளஸ் என்ஜின் 97.2 சிசி. அதன் உச்ச சக்தி சுமார் 8 குதிரைத்திறன், அதுவும் 8,000 ஆர்பிஎம்மில். எதிர்க்கும் காற்றோ வேகத்தைவிட வேகமாக வளர்கிறது. அறுபதிலிருந்து எண்பதுக்குப் போகும்போது, காற்றை மட்டும் பிளக்கத் தேவையான சக்தி கிட்டத்தட்ட 2.4 மடங்காகிறது. எட்டுக் குதிரையில் பெரும்பகுதி அங்கேயே செலவாகிவிடும்.

ஹோண்டாவின் எம்எஸ்எக்ஸ் 125 இதற்குத் தெளிவான உதாரணம். 2013இல் தாய்லாந்தில் தயாராகி உலகமெங்கும் போன குட்டி வண்டி. நான்கு கியர், 12 அங்குலச் சக்கரம், முன்னே 15 பல், பின்னே 34. அதன் உச்ச சக்தி 7,000 ஆர்பிஎம்மில் வருகிறது. டாப் கியரில் அந்த 7,000ஐக் கணக்குப் போட்டால் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். வண்டியின் உச்ச வேகமும் அதையொட்டித்தான். அதாவது கம்பெனி கொடுத்த கியர், என்ஜினின் சக்திக்குச் சரியாகப் பொருந்தியிருக்கிறது. 16 பல் போட்டால் 7,000இல் 97 வரவேண்டும் என்று காகிதம் சொல்லும். சாலையில் வராது, அந்த வேகத்துக்கு வேண்டிய சக்தி என்ஜினில் இல்லை. கிடைப்பது எழுபது, எண்பதில் கொஞ்சம் அமைதி. அதைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். நாலு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அந்த அமைதி பெரிய விஷயம். 2021 மாடலில் ஹோண்டாவே ஐந்தாவது கியரைச் சேர்த்தது என்றால், அந்தக் குறை நியாயமானது என்றுதானே பொருள்!

ஆகவே மாற்றும் முன் ஒரு சோதனை. காற்றில்லாத நேரத்தில், சமதளத்தில், வழக்கமாக நீங்கள் போகும் வேகத்தில் டாப் கியரில் போங்கள். ஆக்சிலரேட்டரில் இன்னும் தாராளமாகத் திருப்ப இடம் இருந்தால் ஒரு பல் கூட்டலாம். ஏற்கெனவே முழுக்கத் திருகிக்கொண்டுதான் போகிறீர்கள் என்றால் தொடவே தொடாதீர்கள், வண்டி மெதுவாகும். ஆனி, ஆடியில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிறவர்களுக்கு இது புரியும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே அடிக்கும்போது, உயரக் கியர் போட்ட சின்ன வண்டி டாப் கியரில் திணறும், மூன்றாவதுக்கு இறங்கியே ஆகவேண்டும். எப்போதும் பின்னால் ஆள் ஏற்றிச் செல்பவர்கள், ஏற்காடு மாதிரி மலைப்பாதையில் அன்றாடம் ஏறி இறங்குபவர்கள், ஊருக்குள் நெரிசலிலேயே ஓட்டுபவர்கள் பழைய பல்லோடு இருப்பதே நல்லது. கிளட்சாவது பிழைக்கும்.

மாட்டுவது பெரிய வேலையில்லை. புதுப் பல்லைத் தேய்ந்த செயினோடு சேர்க்காதீர்கள். செட்டாக மாற்றும் சமயத்தில் செய்வதே சிக்கனம். முன்னே ஒரு பல் கூடினால் பின்சக்கரம் சுமார் மூன்று மில்லிமீட்டர் முன்னால் நகரவேண்டும். அட்ஜஸ்டரில் அதற்கு இடம் இருக்கிறதா, கவருக்குள் செயின் உரசுகிறதா என்று கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். செயின் லாக்கின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வந்தால் கவலையில்லை. கியர்பாக்ஸில் சென்சார் உள்ள வண்டியில், நீங்கள் போகும் வேகத்தைவிட மீட்டர் குறைவாகக் காட்டும். அதை மறந்தால் ஆபத்து.

இன்னொன்று. ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸின் டிரம் மாடலில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் பிரேக்தான். ஸ்பிராக்கெட் மாற்றியதால் அது பெரிதாகிவிடாது. என்ஜின் சத்தம் குறைந்ததும் வேகம் உறைக்காமல் போகும். அறுபது, எழுபதில் நிம்மதியாகப் போகத்தான் இந்த மாற்றம். லாரிகளை முந்துவதற்கு அல்ல. பழைய முன் ஸ்பிராக்கெட்டில் பல் தேயாமல் இருந்தால் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், ஒத்துவராவிட்டால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். அடுத்த வாரம் டயர் காற்றழுத்தம்.

(தொடரும்)