காரைத் தாழ்த்த விரும்பும் தம்பிமாருக்கு

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை என்று தீவகத்துள் நீளும் வீதியிலே அண்மைக் காலமாக ஒரு புதுமையைக் காண்கின்றோம். நிலத்தைத் தடவிச் செல்வதுபோலத் தாழ்ந்து ஓடும் கார்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தோன்றியிருக்கின்றன. சில்லுக்கும் அதன் மேலுள்ள மட்காட்டுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய இடமில்லை. பார்வைக்கு அழகுதான்; பாயப் பதுங்கிய புலியின் சாயல் அதற்கு உண்டு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் மாமா அனுப்பிய பொதியில் நான்கு குட்டைச் சுருள்வில்லுகள் வந்து சேர்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பமரத்தின் கீழ்க் காரை நிறுத்தி, தம்பிமார் இருவர் மூவர் கூடி வேலையைத் தொடங்கிவிடுகின்றனர்.

வீட்டு முற்றத்திலே இதனைச் செய்யலாமா என்பது கேள்வி. செய்யலாம். ஆயின், தாம் கையிலே பிடித்திருக்கும் பொருள் எத்தகையது என்பதையும், வேலை முடிந்த பின்னர் அக்கார் எத்தகைய காராக மாறும் என்பதையும் அறிந்துகொண்டு செய்தல் வேண்டும்.

முற்றத்தில் மோட்டார் வேலை செய்வது நமக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் குடாநாட்டுக்குப் பொருட்கள் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய பழங்கார்களைச் சிறிது பெற்றோலில் உயிர்ப்பித்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியவர்கள் நம்மவர்கள். உதிரிப் பாகம் கிடையாதெனின் கடைசற் பட்டறையில் கடைந்தெடுத்தனர், கொல்லுலையில் அடித்தெடுத்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்படும் வரையில், உள்ள காரையே பேணிக் காக்கும் பழக்கம் நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. ஆதலின் ஸ்பானரைக் கையிலெடுக்கும் இளைஞனைக் கண்டு அஞ்சுவதற்கு எதுவுமில்லை. அவன் எதனை அறியாமல் எடுக்கிறான் என்பதே அஞ்சத்தக்கது.

மொறிஸ் மைனர் வைத்திருப்போருக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. 1948இல் வெளிவந்த அந்தக் காரின் முன்புறத்திலே கழற்றுவதற்குச் சுருள்வில்லே கிடையாது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர், வண்டியின் நீளவாட்டில் ஓர் உருக்குத் தண்டைப் படுக்கவைத்து, அது முறுகி நிமிர்வதையே வில்லாகப் பயன்படுத்தினார். பின்புறத்தில் இருப்பது ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய உருக்குத் தகடுகளாலான பழைய வில். ஏ 40இலோ முன்னால் சுருளும் பின்னால் தகடுகளும் உண்டு. லொறியின் முறிந்த வில் தகட்டிலிருந்து நம் கொல்லர் அடித்துத் தரும் கத்தி எவ்வளவு நாட்படும் என்பதை அறிந்த குடும்பத் தலைவியர்க்கு, வில்லுருக்கின் தரத்தைப்பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, வில்லின் இயல்பைச் சற்று நோக்குவோம். பாரம் கூடக் கூட வில் அதே விகிதத்தில் அமுங்கும் என்னும் உண்மையைக் கண்டவர் ஆங்கில அறிஞர் றொபேட் ஹூக். பிறர் கவர்ந்துவிடுவரோ என்று அஞ்சி, 1676இல் அதனை எழுத்துக்களை மாற்றியடுக்கிய ஒரு புதிராகவே வெளியிட்டு, 1678இல்தான் புதிரை அவிழ்த்தார். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டே தாழ்ந்த காரின் குணத்தை அறிந்துவிடலாம்.

கார் தாழவேண்டுமாயின் வில் குட்டையாதல் வேண்டும். குட்டையாக்கினால் அமுங்குவதற்குள்ள இடம் குறைகின்றது. இடம் குறைந்தும் பழைய மென்மை நீடித்தால், சிறு குழியிலும் கார் அடிவரை அமுங்கி முட்டும். ஆதலால் செய்வோர் அதனை விறைப்பாகவும் செய்கின்றனர். கம்பியைச் சிறிதே தடிப்பாக்கினாலும் போதும். விறைப்பானது கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீற்றர்க் கம்பியை 13 ஆக்கினால், ஏனைய அளவுகள் மாறாதிருக்க, விறைப்பு 38 வீதம் ஏறிவிடும். அவ்வாறே, வேலை செய்யும் சுற்றுகள் ஆறில் ஒன்றை அறுத்தெறிந்தால் எஞ்சிய வில் 20 வீதம் விறைத்துவிடும். காசு மிச்சம் பிடிக்க வாளால் சுருளை அறுப்போரும், சூடுகாட்டித் தணியவைப்போரும் உளர். இரண்டும் தீது. சூடேறினால் உருக்கின் பதம் கெடும். கொல்லரைக் கேட்டால் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். அறுத்த சுருளின் முனையோ தன் இருக்கையில் ஒழுங்காகப் பொருந்தாது. சில்லு குழியில் தொங்கும் வேளையிற் கழன்று விலகவும் கூடும்.

விறைப்பு ஏறினால் உடலுக்கு என்ன நேர்கிறது? நிற்கும் காரின் பாரத்தால் வில் 25 சதமமீற்றர் அமுங்கியிருப்பின், அக்கார் நிமிடத்துக்கு 60 தரம் ஆடும். 15 ஆயின் 77 தரம். 10 ஆயின் 95 தரம். நிமிடத்துக்கு 60 முதல் 80 வரையிலான ஆட்டமே பொதுவாக இதமானதென்று கொள்ளப்படுகின்றது. பழைய வில்லைவிட ஒன்றரை மடங்கு விறைத்த வில்லைப் போட்டவர், 77 தரம் ஆடிய காரை 95 தரம் ஆடவைக்கின்றார். வளைவிலே கார் சரியாமல் ஒட்டி ஓடுவது மெய். அதற்காகவே பந்தயக் கார்க்காரர் இதனை நாடினர். கண்ணாடிபோன்ற தார்வீதியில் அது இலாபம். குழியிலும் கல்லிலும் அந்த இலாபத்துக்குரிய வட்டியைச் செலுத்துவது முதுகெலும்பு.

இங்கேதான் தீவகத்தின் நிலைமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ‘பாதை’ என நாம் வழங்கும் மிதவை ஓடும்போது, அதில் ஏறுவதற்குச் சாய்தளத்தைக் கடக்கவேண்டும். தாழ்ந்த காரின் வயிறு அந்த மடிப்பிலே தட்டும். எண்ணெய்த் தொட்டி அடிபட்டால் அவ்விடத்திலேயே பயணம் முடிந்தது. நயினாதீவுக்குப் போவோர் குறிகட்டுவானில் வாகனத்தை விட்டுவிட்டு வள்ளம் ஏறுவதால் அங்கே இக்கேள்வி எழாது. முருகைக்கல் வேலிகளுக்கிடையே செல்லும் நெடுந்தீவின் ஒழுங்கைகளிலே தாழ்த்திய காரை ஓட்ட நினைப்பவர், அதைவிட அங்கே அலைந்து திரியும் குதிரைகளில் ஒன்றைப் பழக்கிக்கொள்வது நலம்.

மற்றொன்றும் உண்டு. தீவகத்தில் ஒரு வீட்டில் நிற்கும் கார் அவ்வீட்டாருக்கு மட்டும் உரியதன்று. நள்ளிரவில் அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், அடுத்த ஒழுங்கைப் பெரியவருக்கு நெஞ்சுவலி வந்தால், அம்புலன்ஸ் வண்டி வந்து சேருமுன் முதலில் தட்டப்படும் கதவு கார் நிற்கும் வீட்டின் கதவே. வேலணையிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரையில், கடலூடே போட்ட தாம்போதி வீதியில் அந்த நோயாளியைக் கொண்டுபோக வேண்டியிருக்கும். பின்னாசனத்தில் படுத்திருப்பவருக்கு 77க்கும் 95க்கும் உள்ள வேறுபாடு வெறும் எண்ணன்று. தாழ்த்துவதாயின் 30 மில்லிமீற்றருக்கு மேற்போகாத, அதிகம் விறைக்காத வில்லைத் தேர்ந்துகொள்ளுமாறு எம்மிடம் கேட்போருக்குச் சொல்லிவருவது இதனாலேயே. வாகனத்தின் அமைப்பை மாற்றுவதில் சட்டத்துக்கும் இடமுண்டு. முன்கூட்டியே மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுவது புத்தி.

இவ்வளவும் கேட்ட பின்னும் செய்வதென்றே துணிந்தால், வேலை இதுதான். இக்காலச் சிறு கார்களுட் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில் சுருள்வில்லும், சொக் அப்சோபர் என்னும் அதிர்வடக்கியும் ஒரே காலாக அமைந்திருக்கும். ஏர்ல் மக்பேர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த இந்த அமைப்பு, 1950ஆம் ஆண்டளவில் போட் கார்களில் இடம்பெற்று, பின் உலகெங்கும் பரவியது.

காரைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிறேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை கொடுங்கள். நம் தீவுகளின் மணற்றரையில் ஜக்கு புதையும். அடியில் தடித்த பலகை இடுவது அவசியம். சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே சற்று இளக்கிக்கொண்டு, பின்னரே உயர்த்துக. உயர்த்திய காரை ஜக்கிலே விட்டுவிடாமல், இரும்புத் தாங்கிகளின்மீது இறக்குதல் வேண்டும். சீமெந்துக் கல்லும் முருகைக்கல்லும் இதற்கு உதவா. முன்னது திடீரென வெடிக்கும், பின்னது பொரிந்து நொறுங்கும். காரின் கீழே தலையை நுழைக்கும் பிள்ளைக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவே வேறு காவல் இல்லை. வீட்டிலுள்ள பெற்றோர் இந்த ஒன்றை மட்டுமாவது எழுந்து வந்து பார்ப்பது நன்று.

சில்லைக் கழற்றியபின், பிறேக் எண்ணெய்க் குழாயைக் காலோடு பிணைத்திருக்கும் பிடியையும், கீழேயுள்ள இரண்டு பெரிய போல்ற்றுகளையும், மேலே என்ஜின் அறைக்குள் தெரியும் சிறு நட்டுகளையும் கழற்றினால் கால் முழுவதும் கையோடு வந்துவிடும். மேலே நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள்! அமுக்கப்பட்ட வில்லை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றே. சாதாரணக் கார் வில் ஒன்றை 15 சதமமீற்றர் அமுக்கினால், அதனுள் அடங்கும் சக்தி, ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் 23 கிலோக் கல்லின் சக்திக்கு ஏறக்குறைய ஒப்பாகும். கல் விழும் திசையாவது நமக்குத் தெரியும்.

வில்லை அமுக்குவதற்கென்றே திருகுக் கவ்விகள் விற்கப்படுகின்றன. ஒன்றுக்கொன்று எதிராக இரண்டைப் பூட்டி, இதற்குச் சில சுற்று, அதற்குச் சில சுற்று என மாறி மாறித் திருகுக. ஒருபுறம் மட்டும் இறுகினால் வில் வாழைக்காய்போல் வளைந்து கவ்வியை உதறிவிடும். கயிறு, கம்பி, சங்கிலி இவற்றால் கட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கவ்வியோ, அனுபவமுள்ள துணையோ கிடையாதெனின், கழற்றிய காலை யாழ்ப்பாணத்துக் கராச்சுக்குக் கொண்டுபோய் இந்தப் பகுதியை மட்டும் செய்வித்துக்கொள்ளலாம். அதில் மானக்குறைவு ஏதுமில்லை.

வில் மேலும் கீழும் இருக்கையிற் பாரமின்றித் தளர்ந்த பின்னரே நடு நட்டைக் கழற்றுதல் வேண்டும். புது வில்லின் முனை, கீழ் இருக்கையில் அதற்கென உள்ள படியிலே சரியாகச் சென்று முட்டவேண்டும். பழைய அதிர்வடக்கி எண்ணெய் கசிந்திருப்பின் அதன்மேற் புது வில்லைப் பூட்டுவது வீண். விறைத்த வில்லின் துள்ளலை அடக்க அதற்கு வலு இராது. ஒரு பக்கத்தை மாற்றினால் மறுபக்கத்தையும் அன்றே மாற்றுக. றப்பர் பொருந்திய போல்ற்றுகளின் கடைசி இறுக்கத்தை, காரின் பாரம் சில்லில் இறங்கிய பின்னரே செய்யவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகி விரைவில் கிழியும்.

கார் தாழ்ந்ததும் சில்லுகளின் கோணமும் மாறிவிடுகின்றது. சீர்பார்க்கும் கருவியுள்ள இடத்திற்குக் கொண்டுபோய் நேர்செய்யாவிடின், ரயரின் ஓரம் சில மாதங்களில் நூல் தெரியத் தேய்ந்துவிடும். முன்விளக்கின் ஒளியும் இடம் மாறியிருக்கும், அதனையும் திருத்துக. நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்டுகளையும் ஒருமுறை சோதிப்பது வழக்கம்.

உப்பைப்பற்றிச் சொல்லாமல் தீவகத்தாருக்கு எழுத முடியாது. தாம்போதியின் இருமருங்கிலும் கடல். சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு உப்பும் ஏறுகின்றது. வில்லின்மேற் பூசிய வர்ணம் கல்பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். மண் தேங்கும் அடிச்சுற்றிலேதான் பெரும்பாலும் முறிவு நிகழும். கழுவுக என்று சொல்ல நா எழவில்லை, நல்ல தண்ணீருக்கு பவுசரை எதிர்பார்த்திருக்கும் ஊர்களில். உவர்க்கிணற்று நீரால் கழுவுவது உப்பின்மேல் உப்பு. ஒரு வாளி நன்னீரை மட்டும் வில்லுகளுக்கும் பிறேக் குழாய்களுக்குமென ஒதுக்கி, வர்ணம் பெயர்ந்த இடத்தை உடனுக்குடன் பூசி மறைத்தால் போதும்.

கழற்றிய பழைய வில்லுகளைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி, சாக்கிற் சுற்றி, இடம் வலம் எழுதிக் கட்டி வையுங்கள். காரை விற்கும் நாளில் வாங்குபவர் கேட்பார். அதற்கு முன்னரே அப்பாவின் இடுப்பு கேட்கவும் கூடும்.