ஒப்படையைச் செப்பம் செய்தல்

எழுதி முடித்தல் வேறு. எழுதியதைச் செப்பம் செய்தல் வேறு. மாணவர் பலர் இவ்விரண்டும் ஒன்றெனவே கருதுகின்றனர். கடைசி வரியில் முற்றுப்புள்ளி இட்டதும், மை உலருமுன்னே ஒப்படையை ஆசிரியரிடம் கொடுத்துவிடுகின்றனர். பல நாள் தேடித் தொகுத்த செய்திக்கு ஒரு மாலைப்பொழுதேனும் திருத்தம் கிடைப்பதில்லை.

ஓர் எழுத்துப் பிழை எத்துணை இடர் தரும் என்பதை நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டமக்கள் நன்கறிவர். பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் அடையாள அட்டையில் வேறொருவாறும் பெயர் பதியப்பட்டமையால் அலுவலகந்தோறும் அலைந்தோர் அவர்களிடையே உளர். அங்கே பிழை செய்தவர் ஒருவர், துன்புற்றவர் மற்றொருவர். ஒப்படையிலோ எழுதுபவரே திருத்தவும் வல்லவர். அவ்வாய்ப்பைக் கைவிடுதல் தகாது.

திருத்தத்தை மூன்று படியாகச் செய்தல் நலம். முதற்படி பொருளைப் பற்றியது. தேயிலையின் வரலாற்றை எழுதும் மாணவர் ஒருவர், “1876இல் நுவரெலியாவில் முதல் தேயிலைத் தோட்டம் தோன்றியது” என எழுதிவிடலாம். ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். இடமோ கண்டி மாவட்டத்து லூல்கந்துர. இலக்கங்கள் இடம் மாறியதால் ஆண்டு பிழைத்தது. நினைவை நம்பியதால் ஊர் பிழைத்தது. ஆதலின் ஆண்டு, பெயர், தொகை ஆகியவற்றின்கீழ் கோடிட்டு, ஒவ்வொன்றையும் மூலநூலோடு ஒப்பிடல் வேண்டும். கொழுந்து பறித்தலைப் பற்றி எழுதியிருப்பின், கொழுந்து பறிக்கும் தாயாருக்கே அப்பகுதியைப் படித்துக்காட்டலாம். நூல் காட்டாத பிழையை அவர் காட்டுவார்.

இரண்டாம் படி வாக்கியம். இதற்கு வாய்விட்டுப் படித்தலே சிறந்த வழி. மூச்சு முட்டுமிடத்தில் வாக்கியம் நீண்டுவிட்டது எனத் தெளியலாம். “தொழிலாளர்கள் பறிக்கிறது” என்பது செவியில் இடறும். “பறிக்கின்றனர்” எனத் திருத்தலாம். பெரட்டு, லயம், கங்காணி முதலிய தோட்டச் சொற்களைத் தாழ்வெனக் கருதி நீக்கவேண்டுவதில்லை. பெரட்டுக்களம் என்பது காலையில் தொழிலாளரை வேலைக்குப் பிரித்தனுப்பும் இடம் என முதன்முறை வருமிடத்தில் விளக்கினாற் போதும்.

இறுதிப்படி எழுத்து. இங்கே செவி துணைசெய்யாது. பேச்சில் ழகரமும் ளகரமும் பலர் வாயில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே கொழுந்து, “கொளுந்து” ஆகிவிடுகின்றது. பனி என்பது குளிர். பணி என்பது தொழில். “வேலை கொடுத்தார்” என்றால் தொழில் கொடுத்தார். “வேலைக் கொடுத்தார்” என்றால் வேலாயுதத்தைக் கொடுத்தார். இத்தகைய பிழைகளைக் கண்தான் பிடிக்க வேண்டும். கடைசி வரியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வரியாக மேல்நோக்கிப் படித்தால் பொருளோட்டம் கண்ணை இழுத்துச் செல்லாது. எழுத்து மட்டுமே புலப்படும்.

இம்முறைவரிசை மாறலாகாது. நீக்கப்படவேண்டிய பத்தியில் ஒற்றுப்பிழை தேடுவது வீண் உழைப்பு. எழுதிய அன்றே திருத்துவதினும் ஓரிரவு கழித்துத் திருத்துவது மேல். எழுதிய சூட்டில், எழுத எண்ணியதையே கண் காணும், எழுதப்பட்டதைக் காணாது.

இவையெல்லாம் புள்ளிக்காக மட்டுமல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தம் மக்களின் வரலாற்றையே ஒப்படைக்குப் பொருளாகக் கொள்கின்றனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் 1964ஆம் ஆண்டு ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தையும் ஆண்டு மயங்க எழுதினால், படிப்பவர் அடுத்து வரும் உண்மையையும் ஐயுறுவார். பாட்டனும் பாட்டியும் பட்ட இன்னலை மெய்யென நம்பவைக்க வேண்டுமாயின், அதைச் சொல்லும் ஏடு பிழையின்றி இருத்தல் வேண்டும்.