மோட்டார் ரூம் முதல் மார்க்கெட் வரை... ஒரு ஆண்ட்ராய்டு போனின் இரண்டு வருட உழைப்பு!

போன் வாங்கப் போனால், கடைக்காரர் கேமராவைப் பற்றிச் சொல்வார். விளையாட்டு எவ்வளவு வேகமாக ஓடும் என்றும் சொல்வார். உச்சி வெயிலில் வரப்பு மேல் நின்றால் திரை தெரியுமா, மண் காய்ந்த விரலை அது அடையாளம் காணுமா என்பதை அவர் சொல்ல மாட்டார். அதெல்லாம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்தில் உழைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் நான்கு ஏக்கரில் தக்காளி, முருங்கை, சின்ன வெங்காயம் சாகுபடி செய்யும் ஒரு தம்பதி, இரண்டு வருடங்களுக்கு முன்பு 12,000 ரூபாய்க்குள் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினார்கள். 6 ஜி.பி. ராம், 128 ஜி.பி. சேமிப்பு, 5,000 எம்.ஏ.ஹெச் பேட்டரி. பலர் கையில் இருக்கும் சாதாரண ரகம்தான். அதில் எது உதவியது, எது காலை வாரியது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

முதல் குறை, திரை. வீட்டுக்குள் பளிச்சென்று இருந்த திரை, காலை பத்து மணிக்கு மேல் தோட்டத்தில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. திரை வெளிச்சத்தை ‘நிட்ஸ்’ என்ற அளவால் சொல்வார்கள். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் 400, 500 நிட்ஸ்தான் இருக்கும். வெயிலில் படிக்க அது போதாது. போதாக்குறைக்கு, போன் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடுத்து போன் வாங்குபவர்கள், கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு வெளியே கொண்டு போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பது நல்லது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்தது சூடு. போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு வெயில் ஆகாது. 35 டிகிரிக்கு மேல் போனைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் பல கையேடுகள் சொல்கின்றன. நம் ஊர் சித்திரை வெயிலில் அது நடக்கிற காரியமா? ஆனால், தவிர்க்கக்கூடிய தப்பும் நடந்தது. தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில், மதிய நேரத்தில் சார்ஜ் போட்டு விட்டுவிடுவது அவர்களின் வழக்கம். ஒன்றரை வருடத்தில் பின்மூடி லேசாகத் தூக்கியது. பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தி மூடப் பார்க்காமல், உடனே சர்வீஸ் கடையில் மாற்றியது நல்லதாகப் போயிற்று. உப்பிய பேட்டரியைக் குத்தினாலோ, அழுத்தினாலோ தீப்பிடிக்கும். இப்போது இரவில், வீட்டுக்குள் மட்டும்தான் சார்ஜ். தோட்டத்தில் இருக்கும்போது டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் 5ஜி-யை அணைத்து 4ஜி-யில் வைக்கிறார்கள். சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி காலியாவது இதனால் குறைந்திருக்கிறது.

மோட்டார் விஷயத்துக்கு வருவோம். மும்முனை மின்சாரம் நடுராத்திரியில் வரும் ஊர்களில், சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் பெரிய வரம். பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து டார்ச்சோடு நடக்க வேண்டியதில்லை. படுத்த இடத்திலிருந்தே ஒரு அழைப்பு கொடுத்தால் மோட்டார் ஓடும். ஆனால், பதிவு செய்த எண்ணிலிருந்து அழைத்தால்தான் அது கேட்கும். பதிவாகியிருந்தது கணவரின் எண் மட்டும். அவர் போனோடு மார்க்கெட்டுக்குப் போன ஒரு நாள், மின்சாரம் முன்னதாகவே வந்துவிட, வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட நின்ற மனைவி ஒன்றும் செய்ய முடியாமல் திரும்பி வந்தார். தோட்டத்தில் பாதி நாள் நிற்பது அவர்தான். போன் மட்டும் கணவருடையது. மறுநாளே பழைய பட்டன் போனைத் தூசி தட்டி எடுத்து, அந்த எண்ணையும் ஸ்டார்ட்டரில் சேர்த்தார்கள். மோட்டார் போட ஆண்ட்ராய்டு தேவையே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மார்க்கெட் விலை? முதல் நாள் சாயங்காலமே மண்டி விலை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. உழவன் செயலியிலும் சந்தை விலை, வானிலை, மானியத் திட்டங்கள், உர இருப்பு எல்லாம் தமிழிலேயே பார்க்க முடிகிறது. முருங்கை என்றால், விலை பார்த்து ஒரு நாள் தள்ளிப் பறிக்கிறார்கள். பழுத்த தக்காளியை என்ன செய்வது? விலை இறங்கியது முன்கூட்டியே தெரிந்து கவலைப்படுவதுதான் மிச்சம் என்கிறார் கணவர். போன் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்பவர்கள் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்குத்தான் போன் எதிர்பாராத உதவி செய்தது. காலமெல்லாம் களை வெட்டித் தேய்ந்த கை. பி.எம்.கிசான் திட்டத்தின் இ-கே.ஒய்.சி.க்காகப் பொதுச் சேவை மையத்தில் எத்தனை முறை விரல் வைத்தாலும் ரேகை பதியவில்லை. வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வரும் பணம், பதியாவிட்டால் நின்றுபோகும். 2023-ம் ஆண்டில் பி.எம்.கிசான் செயலியில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி வந்தது. திண்ணையில் உட்கார வைத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி போனைப் பிடித்தார்கள்; வேலை முடிந்தது.

அதே பி.எம்.கிசான் பெயரில்தான் ஆபத்தும் வந்தது. தவணை வரும் நேரத்தில், தெரிந்தவர் எண்ணிலிருந்தே ஒரு வாட்ஸ்அப் தகவல். கூடவே ‘ஏ.பி.கே’ என்று முடியும் ஒரு கோப்பு. கணவர் தொட்டுவிட்டார். ‘இது தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி, அனுமதிக்கவா?’ என்று போன் கேட்டது. கேட்டது ஆங்கிலத்தில். அவர் சம்மதம் கொடுக்கப் போன நேரம், பக்கத்தில் இருந்த பிளஸ் டூ படிக்கும் மகள் போனைப் பிடுங்கினாள். இந்த மாதிரி செயலி உள்ளே வந்தால், குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கி, வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யைத் திருடிக்கொள்ளும். அந்த வீட்டில் நகைக்கடன் திருப்ப வைத்திருந்த பணம் அந்தக் கணக்கில்தான் இருந்தது.

அன்றைக்கே மகள் அமைப்புகளுக்குள் போய், போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினாள். அந்தத் தமிழ் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனாலும், போன் எச்சரிப்பது இப்போது அப்பாவுக்குப் புரிகிறது. செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டுமே எடுப்பது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. தவறிப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் சொல்ல வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

கேமரா இவர்களுக்குத் திருப்தி. தக்காளி இலை சுருண்டபோது படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்பினார்கள். முதலில் அனுப்பிய படத்தில் ஒன்றும் தெரியவில்லை. இலையில் ஒட்டுகிற அளவுக்குக் கிட்டே கொண்டு போனால் படம் மங்கும். ஒரு சாண் தள்ளி நின்று, திரையில் இலையைத் தொட்டு, பிறகு எடுக்க வேண்டும். நேர் வெயிலில் வேண்டாம், நிழல் விழும்படி நில்லுங்கள். வெள்ளை ஈ, இலைப்பேன் எல்லாம் இலைக்கு அடியில் இருப்பவை. அதனால் மேல்பக்கம், அடிப்பக்கம், முழுச் செடி என மூன்று படம் தேவை. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், ‘ஹெச்.டி’ என்பதைத் தேர்வு செய்தால் விவரம் தெளிவாகப் போகும்.

128 ஜி.பி. இடம் நிறைந்துபோனதற்குக் காரணம் பயிர்ப் படங்கள் இல்லை. காலை வணக்கப் படங்கள்! தானாகப் பதிவிறக்கம் ஆவதை நிறுத்திய பிறகு போன் பழையபடி வேகமாகிவிட்டது.

வாசகர் கேள்விகள்

‘மருந்து அடிக்கும்போது போனைப் பையில் வைத்துக்கொள்ளலாமா? தண்ணீர் புகாத போன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.’ - உடுமலைப்பேட்டை வாசகர்

வைக்கக் கூடாது. ‘ஐ.பி.68’ போன்ற எண்ணில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. மருந்துக் கரைசலுக்கும் உரத் தண்ணீருக்கும் அது உத்தரவாதம் இல்லை. ‘ஐ.பி.54’ என்றால் தெறிக்கும் தண்ணீரைத்தான் தாங்கும். அதைவிட முக்கியம், மருந்து பட்ட கையால் தொட்ட போனைத்தான் பிறகு காதில் வைக்கிறோம், குழந்தைகளும் எடுக்கிறார்கள். போனைக் களத்திலேயே வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு எடுங்கள்.

‘போனில் நிலத்தைச் சுற்றி நடந்து அளந்தால் பத்து சென்ட் என்று காட்டுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். எது சரி?’ - அரவக்குறிச்சி வாசகர்

இந்த விஷயத்தில் போனை நம்பி வழக்குக்குப் போக வேண்டாம். திறந்த வெளியிலேயே போனின் ஜி.பி.எஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும். பத்து சென்ட் சதுர நிலத்தின் ஒரு பக்கமே சுமார் 20 மீட்டர்தான். ஒரு பக்கம் ஐந்து மீட்டர் கூடினால் இரண்டரை சென்ட் கூடிவிடும். மரத்தடியில் பிழை இன்னும் அதிகம். நான்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்று உத்தேசமாகக் கணக்குப் போட இந்த அளவு போதும். எல்லைத் தகராறு என்றால், கட்டணம் கட்டி, நில அளவரை வரவழைத்து, பக்கத்து நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டு அளந்து கல் நட்டுக்கொள்ளுங்கள்.