கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றுதல்

கோப்புகளுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றுதல் என்பது, பல கணினிக் கோப்புகளின் பெயர்களை ஒரே விதியின்படி ஒரே தடவையில் மாற்றுவதாகும். யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் இதற்கு ஷெல் நிரல்கள் பயன்படுகின்றன.

தேவை

சங்கம் வளர்த்த மதுரையின் பெயர் தாங்கிய மதுரைத் திட்டம், 1998 பொங்கல் நாளில் தொடங்கப்பட்டது. தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. அதன் ஒருங்குறிக் கோப்புகள் ‘பிஎம்யூனி0001’ என்பதுபோல் நான்கிலக்க எண் கொண்டவை. முன்னால் சுழியங்கள் இல்லாவிட்டால், எழுத்து வரிசைப்படி அடுக்கும்போது 10 என்பது 2-க்கு முன்னே வந்துவிடும்.

செயல்முறை

கோப்புகளைத் தேர்ந்தெடுக்க வடிவப் பொருத்தம் உதவுகிறது. உடுக்குறி (*) எத்தனை எழுத்துருக்களுக்கும், கேள்விக்குறி (?) ஒன்றுக்கு மட்டும் பொருந்தும். பொருந்திய கோப்புகளை நிரலின் மடக்கு ஒவ்வொன்றாக எடுத்து, ‘எம்வி’ கட்டளையால் பெயர் மாற்றுகிறது.

தமிழ்ப் பெயர்கள்

‘மதுரை’ மூன்றெழுத்துச் சொல். ஒருங்குறியிலோ ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள். எனவே அதற்கு மூன்று கேள்விக்குறிகள் போதா, ஐந்து வேண்டும்.

எச்சரிக்கை

இரண்டு கோப்புகளுக்கு ஒரே புதிய பெயர் அமைந்தால், முதலில் மாற்றியதன் மேல் அடுத்தது எழுதப்பட்டு, முதற்கோப்பு அழிந்துவிடும். ஆகவே முன்னதாக நகல் எடுத்து, ‘எக்கோ’ கட்டளையால் புதிய பெயர்களைத் திரையில் சரிபார்த்த பின்னரே மாற்ற வேண்டும்.