விளையாட்டுக் கணினியும் உறுப்புப் பொருத்தமும்

தமிழரிடையே திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் வழக்கம் உண்டு. பத்தும் பொருந்திய சாதகங்கள் அமைதல் அரிது. ஐந்தோ ஆறோ பொருந்தினாற் போதுமெனப் பெரியோர் அமைதி கூறி மணத்தை நடத்தி வைப்பர். கணினியின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டுவோனுக்கு அத்தகைய சலுகை கிடையாது. அங்கே ஒன்பது பொருந்திப் பத்தாவது பொருந்தாதொழியின் கணினி உயிர்பெறாது. அல்லது உயிர்பெற்றும் கொடுத்த பணத்திற் பாதிக்கே பயன் தரும்.

எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் கடையிற் பூட்டி விற்கப்படும் எந்தக் கணினியும் போதுமானது. விளையாட்டுக் கணினியின் நிலை வேறு. விளையாட்டிலே திரையில் ஓடும் காட்சி முன்னரே எடுத்து வைத்த படம் அன்று. ஆடுபவனின் கையசைவுக்கேற்ப அந்தக் கணத்திலே கணித்து வரையப்படுவது. செக்கனுக்கு 60 படங்கள் வேண்டுமெனின் ஒரு படத்தை வரைந்து முடிக்க ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் கிடைக்கும். 144 படங்கள் வேண்டுமெனின் 6.9 மில்லிசெக்கனே கிடைக்கும். அச்சிறு பொழுதினுள் மையச் செயலி ஆட்ட உலகின் நிலையைக் கணித்தல் வேண்டும்; நினைவகம் அதற்குத் தரவு ஊட்டுதல் வேண்டும்; வரைகலை அட்டை படத்தைத் தீட்டி முடித்தல் வேண்டும். ஒன்று பின்தங்கினால் ஏனையவை அதற்காகக் காத்து நிற்கும். இத்தகைய கணினியைப் பூட்ட விழைவோர் பெரும்பாலும் இளைஞர். பணமோ பெரும்பாலும் பெற்றோருடையது. பொதி பிரித்த செயலியைத் திரும்ப ஏற்கக் கடைக்காரர் எளிதில் இசையார். ஆதலின் பொருத்தம் பார்த்தல் வாங்கிய பின் செய்யும் வேலை அன்று.

பலரும் செயலியிலிருந்து தெரிவைத் தொடங்குவர். திரையிலிருந்து தொடங்குவதே முறை. 1920க்கு 1080 என்னும் அளவுள்ள திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள. 2560க்கு 1440 என்னும் திரையில் 36,86,400. 3840க்கு 2160 என்னும் திரையில் 82,94,400. கடைசித் திரை முதலாவதைப் போல நான்கு மடங்கு உழைப்பை வரைகலை அட்டையிடம் கேட்கின்றது. மையச் செயலிக்கோ இந்த வேறுபாடு பெரிதன்று. அதன் சுமை செக்கனுக்கு எத்தனை படம் என்பதைப் பொறுத்தது. சிறிய திரையில் 60 படங்களுக்கு மேற் காட்டவியலாத ஒருவன் விலையுயர்ந்த அட்டையை வாங்குதல், குடத்திலே கடலை முகக்க முயல்வதற்கு ஒப்பாகும். திரை இன்னதென்று முடிவானால் அட்டை இன்னதென்பது விளங்கும். அட்டை விளங்கினால் செயலியும் மின்வழங்கியும் கூடும் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கும்.

இனி, பொருத்தங்களுள் தலையாயது செயலிக்கும் தாய்ப்பலகைக்கும் இடையேயுள்ளது. செயலி அமரும் இடத்தைக் குதை என்பர். இன்ரெல் நிறுவனத்தின் செயலி ஏ. எம். டி. நிறுவனத்தின் குதையில் அமராது என்பதை யாவரும் அறிவர். ஒரே நிறுவனத்தின் குதைகளும் தம்முள் வேறுபடும். இன்ரெலின் எல். ஜி. ஏ. 1700 குதை 2021 இலும், எல். ஜி. ஏ. 1851 குதை 2024 இலும் வெளிவந்தன. பெயரிலுள்ள எண் தொடுமுனைகளின் தொகையைக் குறிக்கும். ஆயின் எண் ஒத்தால் பொருத்தமும் ஒக்கும் என்று எண்ணுதல் தவறு. இதற்கு எல். ஜி. ஏ. 1151 என்னும் குதையே சான்று. அக்குதை 2015 இல் ஆறாம் தலைமுறைச் செயலிகளோடு வந்தது. 2017 இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளும் அதே 1151 முனைகளோடு, அதே உருவோடு வந்தன. பழைய பலகையிற் சிக்கலின்றி அமரவும் செய்தன. ஆனால் இயங்கவில்லை. மின் ஊட்டும் முனைகளின் ஒழுங்கை மாற்றியமைத்ததோடு, புதிய சில்லுத் தொகுதியுள்ள பலகை வேண்டுமெனவும் இன்ரெல் விதித்திருந்தது. கண்ணுக்குப் பொருந்தியது கணினிக்குப் பொருந்தவில்லை.

ஏ. எம். டி. யின் வரலாறு இதற்கு நேர்மாறானது. எனினும் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 2016 இல் வந்த ஏ. எம். 4 என்னும் குதை பல தலைமுறைச் செயலிகளைத் தாங்கியது. குதை ஒன்றாயினும், புதிய செயலியை இன்னதென்று அறியும் அறிவு தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் என்னும் தொடக்க நிரலில் இருத்தல் வேண்டும். கடையிற் பல மாதம் கிடந்த பலகையின் நிரல் புதிய செயலியை அறியாது. நிரலைப் புதுப்பிக்கவோ இயங்கும் செயலி ஒன்று வேண்டும். திறப்பைப் பெட்டியினுள் வைத்துப் பூட்டிய நிலை இது. 2018 இல் இந்நிலையில் அகப்பட்டோருக்கு ஏ. எம். டி. பழைய செயலி ஒன்றை இரவலாக அனுப்பிவைத்தது. மேலும், பல பலகைகளில் அந்நிரலுக்கு ஒதுக்கிய சில்லு 16 மெகாபைற்று மட்டுமே கொண்டது. எல்லாச் செயலிகளின் குறிப்பையும் அதில் அடக்க இடமில்லை. 2020 இல் இதனைக் காரணங்காட்டி, 400 வரிசைப் பலகைகளுக்குப் புதிய செயலிகளின் ஆதரவு இல்லையென நிறுவனம் அறிவித்தது. வாங்கியோர் கொதித்தெழவே, அதே மே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. இக்காலத்துப் பலகைகள் பலவற்றிற் செயலி இல்லாமலே நிரலைப் புதுப்பிக்கும் பொத்தான் ஒன்று உண்டு. பலகை வாங்குமிடத்து வண்ண விளக்குகளைத் தேடுவோர் இப்பொத்தானைத் தேடினால் நன்று. உற்பத்தியாளர் வெளியிடும் செயலி ஆதரவுப் பட்டியலில், எந்தச் செயலிக்கு எந்த நிரற் பதிப்பு வேண்டும் என்பது வரி வரியாகக் காணப்படும்.

நினைவகத்தின் பொருத்தம் குதையோடு பிணைந்தது. ஏ. எம். 4 பலகை டி. டி. ஆர். 4 வகையையே ஏற்கும். 2022 இல் வந்த ஏ. எம். 5 பலகை டி. டி. ஆர். 5 வகையையே ஏற்கும். எல். ஜி. ஏ. 1700 பலகைகளுட் சில முன்னதற்கும் சில பின்னதற்கும் அமைந்தவை. ஆகவே அங்கு மயக்கம் மிகுதி. இரு வகைக்கும் 288 முனைகளே உள்ளன. ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். வலிந்து அமுக்கினாற் செருகிடம் உடையும். 16 ஜிகாபைற்று வேண்டுவோன் ஒரே துண்டாக வாங்காது 8 ஜிகாபைற்றுத் துண்டுகள் இரண்டை வாங்குதல் நன்று. அப்போதே செயலியின் இரு வழிகளிலும் தரவு ஓடும். இரண்டு நன்றெனின் நான்கு மேலும் நன்றன்றோ என்று வினவலாம். அன்று. றைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏ. எம். டி. விதித்த வேகம் இரு துண்டுகளுக்கு 5200. நான்கு துண்டுகளுக்கு 3600. பின்னர் கூட்டிக்கொள்ளலாம் என எண்ணிச் சிறிதாக வாங்குவோர் இவ்விடத்தில் ஏமாறுவர்.

வரைகலை அட்டையைப் பொறுத்தவரை ஒரு நற்செய்தி உண்டு. பி. சி. ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் செருகிடம் பழைய தலைமுறைக்கும் புதிய தலைமுறைக்கும் பொதுவானது. எந்த அட்டையும் எந்தப் பலகையிலும் பெரும்பாலும் இயங்கும். இயங்குதல் வேறு, முழுதாக இயங்குதல் வேறு என்பதற்கு 2022 சனவரியில் வந்த றேடியன் ஆர். எக்ஸ். 6500 எக்ஸ். ரி. என்னும் அட்டை சான்றாகும். வழக்கமான பதினாறு வழிகளுக்குப் பதிலாக நான்கு வழிகளே அதற்கு உள. நான்காம் தலைமுறைப் பலகையில் அந்நான்கும் செக்கனுக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைற்றைக் கடத்தும். மூன்றாம் தலைமுறைப் பலகையில் அதிற் பாதியையே கடத்தும். அட்டையின் சொந்த நினைவகமோ 4 ஜிகாபைற்று, அது நிரம்பியதும் விளையாட்டு முதன்மை நினைவகத்தை நாடும், குறுகிய வழியில் நெரிசல் உண்டாகும், காட்சி தடுமாறும். விலை குறைந்த அட்டையை நாடுவோர் பழைய பலகையை வைத்திருப்போரே. எவருக்கு அது மிகவும் வேண்டியிருந்ததோ அவருக்கே அது குறையாகப் பயன்பட்டது.

மின்வழங்கியை இறுதியில் எஞ்சிய பணத்துக்கு வாங்கும் பழக்கம் பரவலாக உண்டு. இதனினும் கேடான சிக்கனம் வேறில்லை. வரைகலை அட்டை தன் செருகிடத்திலிருந்து 75 உவாற்று வரை பெறும். எட்டு முனை இணைப்பி ஒன்றிலிருந்து மேலும் 150 உவாற்று பெறும். 2022 இல் வந்த ஆர். ரி. எக்ஸ். 4090 அட்டையின் வேட்கை 450 உவாற்று. அதற்கென வந்த பதினாறு முனை இணைப்பி 600 உவாற்று வரை தாங்குமென வகுக்கப்பட்டது. 12 வோற்றில் 600 உவாற்று என்றால் 50 அம்பியர். அதனை ஆறு முனைகள் பகிர்வதால் விரல் நுனியிலடங்கும் ஓர் இணைப்பியின் ஒவ்வொரு முனையிலும் எட்டு அம்பியருக்கு மேற் பாயும். வெளிவந்த சில வாரங்களிலேயே இணைப்பிகள் சில உருகின. முழுமையாகச் செருகாமை பொதுவான காரணமென என்விடியா கூறிற்று. 2023 இல் உணர்முனைகளைக் குறுக்கி, அரைகுறையாகச் செருகினால் அட்டை இயங்காதவாறு இணைப்பி திருத்தப்பட்டது. அதன் பின்னரும் முறையீடுகள் முற்றாக ஓயவில்லை. இணைப்பியை இறுதிவரை அழுத்திச் செருகுதலும், அதன் வாயிலருகே வடத்தைக் கூர்மையாக வளையாமையும் பூட்டுவோன் கையிலுள்ள காப்புகள்.

மின்வழங்கியிற் பொறித்திருக்கும் ‘80 பிளஸ்’ என்னும் முத்திரை அதன் வினைத்திறனை மட்டும் கூறும். வலுவையோ நீடித்த உழைப்பையோ கூறாது. வேறோர் இடர் இதனினும் மறைவானது. கழற்றக்கூடிய வடங்களைக் கொண்ட மின்வழங்கிகளில், உறுப்புகளின் பக்கமுள்ள முனைகளுக்கே பொது நியமம் உண்டு. வழங்கியின் பக்கத்துக்கு இல்லை. ஒரு நிறுவனத்தின் வடம் இன்னொன்றின் வழங்கியிற் கச்சிதமாகச் செருகப்பட்டு, 5 வோற்று வரவேண்டிய முனையில் 12 வோற்றைக் கொண்டுவரலாம். பழைய வழங்கியை மாற்றும்போது பழைய வடங்களை அப்படியே விட்டு, பல்லாண்டுப் படங்களும் பாடக் குறிப்புகளும் இருந்த வன்றட்டை ஒரு நொடியில் எரித்துக்கொண்டோர் உளர். புதிய வழங்கியோடு வந்த வடங்களையே பூட்டுதல் வேண்டும்.

கூட்டின் பொருத்தம் அளவுகோலின் பொருத்தம். 1995 இல் இன்ரெல் வகுத்த ஏ. ரி. எக்ஸ். பலகை 305க்கு 244 மில்லிமீற்றர். சிறுவகை 244க்கு 244. மிகச் சிறியது 170க்கு 170. இவை பொருந்துமா எனப் பார்ப்போர் அட்டையின் நீளத்தை மறப்பர். என்விடியாவின் சொந்த 4090 அட்டை 304 மில்லிமீற்றர் நீளம். கூட்டின் முன்புறத்தில் நீர்க் குளிராக்கி அமைந்தால் அதுவும் விசிறியும் ஐந்து சென்ரிமீற்றரளவு இடத்தைக் கொள்ளும். நொக்ருவா நிறுவனத்தின் என். எச்.-டி. 15 என்னும் காற்றுக் குளிராக்கியின் உயரம் 165 மில்லிமீற்றர். 160 மட்டும் இடமுள்ள கூட்டின் பக்கக் கதவு மூடாது. குளிராக்கிக்குக் குதையோடும் பொருத்தம் வேண்டும்: இன்ரெலின் முந்திய குதைகளிற் பூட்டுதுளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர், எல். ஜி. ஏ. 1700 இல் 78. மூன்று மில்லிமீற்றர்தான், ஆயினும் பழைய பூட்டுச் சட்டம் அதில் ஏறாது. ஏ. எம். 4 குளிராக்கிகள் பெரும்பாலும் ஏ. எம். 5 இலும் ஏறும்.

சேமிப்பகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எம். 2 என்னும் ஒரே உருவில் சாற்றா வகையும் என். வி. எம். இ. வகையும் உண்டு, செருகிடம் எதனை ஏற்கும் என்று பலகையின் கைந்நூலிற் பார்த்தல் வேண்டும். சில பலகைகளில் எம். 2 செருகிடம் ஒன்றை நிரப்பினால் சாற்றா வாயில் ஒன்று செயலிழக்கும்.

இவற்றை ஓர் எடுத்துக்காட்டிற் பொருத்திப் பார்க்கலாம். 2560க்கு 1440 அளவுள்ள திரைக்கு ஆர். ரி. எக்ஸ். 4070 அட்டை ஏற்றது. அதன் வேட்கை 200 உவாற்று. செயலியாக ஆறு கருக்கள் கொண்ட றைசன் 5 7600 ஐக் கொள்ளலாம். அது குளிராக்கியோடு வருவது. பெயரின் இறுதியில் எக்ஸ் என்னும் எழுத்துப் பெற்ற உடன்பிறப்பு குளிராக்கியின்றி வரும். குதை ஏ. எம். 5 ஆகையாற் பி. 650 சில்லுத் தொகுதியுள்ள பலகையும், 16 ஜிகாபைற்று டி. டி. ஆர். 5 துண்டுகள் இரண்டும் பொருந்தும். செயலி உச்சநிலையிற் கொள்ளும் 88 உவாற்று, அட்டையின் 200, விசிறிகள் முதலியவற்றுக்கு ஓர் 50 எனக் கூட்டினால் ஏறத்தாழ 340 உவாற்று. அட்டை கணப்பொழுதில் இதனை மீறித் துள்ளும். ஆகவே 650 உவாற்று வழங்கி தகும். இவ்வுறுப்புகளுட் சில வழக்கொழிந்து புதியன வரினும் கணக்கின் வழி இதுவே.

நினைவகத் துண்டுகளை நான்கு செருகிடங்களுட் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுதல் பெரும்பாலான பலகைகளின் விதி. துண்டின் உறையில் 6000 என்று பொறித்திருந்தாலும், பயோஸில் எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்கும் வரை அது குறைந்த வேகத்திலேயே ஓடும். திரையின் வடத்தைத் தாய்ப்பலகையின் வாயிலிற் செருகிவிட்டு, விலையுயர்ந்த அட்டை பயனற்றதென நொந்துகொள்வோரும் பலர். வடம் அட்டையின் வாயிலிலேயே செல்லவேண்டும். எல்லாம் முடிந்து பொத்தானை முதன்முறை அழுத்தியதும் திரை இருண்டே கிடக்கலாம். ஏ. எம். 5 பலகைகள் முதல் இயக்கத்தில் நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். பொருந்தவில்லையென அஞ்சி அப்பொழுதே மின்னை நிறுத்தி யாவற்றையும் கழற்றத் தொடங்காமல், கால் மணி நேரமேனும் பொறுத்திருந்து பார்த்தல் வேண்டும்.