கேரம் பவுடருக்குக் கரப்பான் சாகுமா? தெரியுமா உங்களுக்கு?

தலை போனாலும் கரப்பான்பூச்சி நாள் கணக்கில் உயிரோடு இருக்கும், தெரியுமா? அதற்கு மூச்சு தலை வழியாக இல்லை. உடம்பின் இரு பக்கமும் இருக்கும் பொடிப்பொடித் துளைகள் வழியாக! வெறும் தண்ணீர் அதன் மெழுகுத் தோலில் வழுக்கி ஓடிவிடும். பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் கலந்து, ஸ்பிரே பாட்டிலால் அதன் மேலேயே அடியுங்கள். சோப்புத் தண்ணீர் அந்தத் துளைகளுக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் மல்லாந்துவிடும்!

சரி, சிலிண்டருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் கூட்டத்துக்கு? கேரம் போர்டில் காய் வழுக்கிப் போகத் தூவுவோமே, அந்த போரிக் பவுடர்தான்! அமெரிக்காவில் 1948-லேயே பூச்சிக்கொல்லியாகப் பதிவான சரக்கு இது. கரப்பான் மகா சுத்தக்காரன். நீள மீசையை வளைத்து, வாய்க்குள் விட்டு, அடியிலிருந்து நுனிவரை உருவிச் சுத்தம் செய்யும். மீசையிலும் காலிலும் ஒட்டிய பவுடர் அப்படியே வயிற்றுக்குள்! சில நாட்களில் கதை முடிந்தது. ஆனால் குவியலாகக் கொட்டினால் சுற்றிக்கொண்டு போய்விடும். தெரிந்தும் தெரியாமலும் மெல்லிசாகத் தூவ வேண்டும், ஈரமில்லாத சந்துகளில் மட்டும். குழந்தைகள், நாய், பூனை எட்டுகிற இடத்தில் கூடவே கூடாது.

இந்தப் பவுடரோடு கோதுமை மாவு, சர்க்கரை, பால் சேர்த்து உருண்டை பிடிப்பவர்களும் உண்டு. இங்கேதான் பெரிய ஆச்சரியம்! இனிப்பு கலந்த விஷத்துக்குப் பலியாகிப் பலியாகி, ஜெர்மன் கரப்பானில் சில கூட்டங்களுக்குக் குளுக்கோஸ் கசக்கவே ஆரம்பித்துவிட்டது! நாக்கு மாறிய இந்தக் கரப்பான்களைப் பற்றி 1993-ல் தெரியவந்தது. குளுக்கோஸ் அவற்றுக்குக் கசப்பாகப் படுகிறது என்பதை 2013-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உங்கள் உருண்டை தொடப்படாமல் கிடக்கிறதா? வெறும் பவுடருக்கே மாறுங்கள், அதற்கு ருசி தேவையில்லை.

முதுகில் இரண்டு கருங்கோடு போட்ட அந்தச் சின்னப் பழுப்புக் கரப்பானுக்குப் பெயர்தான் ஜெர்மன். பூர்வீகம் நம் பக்கம்! சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலோ மியான்மரிலோ மனிதரோடு ஒட்டிக்கொண்டது என்கிறது 2024-ல் வந்த மரபணு ஆய்வு.

சரி, பிரிஞ்சி இலை போட்டுவைத்தால்? மிஞ்சிப்போனால் விரட்டும், கொல்லாது.

எல்லாவற்றையும்விட வலுவான ஆயுதம் காய்ந்த துணி! சோறில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்கும் கரப்பான், தண்ணீரில்லாமல் அதில் பாதி நாள்கூடத் தாங்காது. படுக்கப் போகுமுன் சிங்க்கைத் துடைத்துக் காயவிடுங்கள், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மறக்காதீர்கள். செத்தது போதும் என்று பவுடரைப் பெருக்கிவிடாதீர்கள். ஜெர்மன் கரப்பானின் ஒரே முட்டைக் கூட்டில் முப்பது, நாற்பது குஞ்சுகள், கூட்டுக்குள் இருக்கும்வரை பவுடர் அவற்றைத் தொடாது!